ஊழலை ஒழித்தால் வருமான ஏற்றத்தாழ்வு தானாகக் குறைந்துவிடுமா?

கேள்வி இதுதான்: "ஊழல் அதிகம் உள்ள நாடுகள் பலவற்றில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான வருமான இடைவெளியும் அதிகமாக இருக்கிறது. அப்படியானால் ஊழல்தான் அதற்குக் காரணமா? ஊழலை ஒழித்துவிட்டால் இடைவெளி தானாகக் குறைந்துவிடுமா?"

முதல் கேள்விக்கு என் பதில்: ஒரு காரணம், அதுவும் பெரிய காரணம். இரண்டாவது கேள்விக்கு: தானாகக் குறையாது. இரண்டு பதிலும் மோதுவதுபோலத் தெரியலாம். ஊழல் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகளைப் போட்டு வைத்திருப்பதால் வரும் குழப்பம் அது. ஒன்று அரசு அலுவலகக் கவுண்டரில் நடக்கிறது, ஏழையின் கையிலிருந்து எடுக்கிறது. இன்னொன்று மேலே, விதிகள் எழுதப்படும் அறையில் நடக்கிறது, ஏற்கெனவே வசதி உள்ளவரின் கணக்கில் சேர்க்கிறது. நம் கோபமெல்லாம் முதலாவதின் மேல்தான். அது நம் கண்ணெதிரே நடப்பதால் அப்படி. இடைவெளியை ஆண்டாண்டாகப் பெருக்குவதோ பெரும்பாலும் இரண்டாவது வகை.

முதலில் கவுண்டரையே எடுத்துக்கொள்வோம். ஒரே சான்றிதழுக்காக இரண்டு பேர் நிற்கிறார்கள். இருவரிடமும் கேட்கப்படும் தொகை ஒன்றுதான். ஒருவர் மாதச் சம்பளக்காரர். அவருக்கு அந்தத் தொகை ஓர் எரிச்சல், அவ்வளவுதான். இன்னொருவர் தினக்கூலி. அவருக்கு அது மூன்று நாள் வேலை. அதற்கு முன்பே "இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்கு வாங்க" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியதில் இரண்டு நாள் கூலியும் போய்விட்டது. அந்தத் தாள் கிடைக்காவிட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை என்பதால் எப்படியாவது புரட்டிக் கொடுத்துவிடுவார். சம்பளக்காரருக்கு வேறு வழிகள் உண்டு. தெரிந்த ஒருவருக்கு ஃபோன் போடலாம், மேலதிகாரிக்குப் புகார் எழுதலாம், இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். "தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடக்கிற வசதி ஒருவருக்கு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை. கேட்கிறவருக்கும் அது நன்றாகத் தெரியும். ஆள் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

ஊழலைக் கண்காணிக்கும் பன்னாட்டு அமைப்பான டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் மெக்சிகோ கிளை 2010-ல் குடும்பங்களிடம் எடுத்த கணக்கெடுப்பு இதை எண்ணாகக் காட்டியது. லஞ்சம் கொடுத்த குடும்பங்கள் சராசரியாகத் தங்கள் வருமானத்தில் 14 சதவீதத்தை அதில் இழந்திருந்தன. குறைந்தபட்சக் கூலி அளவுக்கு மட்டுமே வருமானம் உள்ள குடும்பங்களோ 33 சதவீதத்தை. வருமானம் குறையக் குறைய விகிதம் ஏறும் ஒரு வரியை எந்த நிதியமைச்சராவது நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தால் நாடே கொந்தளிக்கும். லஞ்சம் சத்தமில்லாமல் அதைச் செய்துவிடுகிறது.

இந்தக் கணக்கிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கவுண்டர் வரைக்கும் வராமலே போனவர்கள் இதில் இல்லை. "அங்கே போனால் காசு கேட்பார்கள்" என்று தெரிந்து பிரசவத்தை வீட்டிலேயே பார்த்துக்கொண்டவர், நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றாமலே விட்டவர், திருட்டுப் போனதைக் காவல் நிலையத்தில் சொல்லாமலே இருந்தவர், இவர்களெல்லாம் லஞ்சம் கொடுக்காதவர்கள் பட்டியலில்தான் வருகிறார்கள். "பணக்காரர்கள்தான் அடிக்கடி லஞ்சம் கொடுக்கிறார்கள், ஆகவே ஏழைகளை அது பெரிதாகப் பாதிக்கவில்லை" என்று சிலர் வாதிடும்போது இவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன். அடிக்கடி கொடுக்கிறவர் அடிக்கடி ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொள்கிறார். ஒருமுறைகூடக் கொடுக்க வழியில்லாதவர் எதையும் பெறவில்லை.

கவுண்டருக்குக் கொஞ்சம் பின்னால், பொதுப்பணம் மேலிருந்து கீழே வரும் வழியைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். இதற்கு உகாண்டாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1991 முதல் 1995 வரை அங்கே மத்திய அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி மானியம் ஒதுக்கியது. ரித்வா ரெய்னிக்கா, யாக்கோப் ஸ்வென்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள், ஒதுக்கிய பணத்தையும் பள்ளிக் கையில் வந்து சேர்ந்த பணத்தையும் பள்ளி பள்ளியாக ஒப்பிட்டார்கள். வந்து சேர்ந்தது சராசரியாக 13 சதவீதம். பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. மீதியை வழியில் இருந்த மாவட்ட அதிகாரிகளும் உள்ளூர் அரசியலும் வைத்துக்கொண்டன.

இதில் என்னை அதிகம் உலுக்கியது அந்த 13 அல்ல, அந்த 13-ஐ எந்தப் பள்ளிகள் பெற்றன என்பது. கொஞ்சம் வசதியான சமூகங்களின் பள்ளிகளுக்குத் தங்கள் பங்கில் அதிகம் கிடைத்திருந்தது. அங்கே பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியும், மாவட்ட அலுவலகத்துக்குப் போய் நின்று கேட்கத் தெரியும், கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களை அவர்களுக்குத் தெரியும். சமமாகப் பங்கு போட்ட பணம் வழியில் கசிந்து சமமற்றதாக மாறிப் போய்ச் சேர்ந்தது. எல்லாருக்கும் ஒரே அளவில் இழப்பு என்றால் ஊழல் வெறும் வீணடிப்பு. இழப்பு ஏழைப் பக்கமாகச் சாய்வதால்தான் அது ஏற்றத்தாழ்வாக மாறுகிறது. பின்னர் அரசு, எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதைச் செய்தித்தாள்களில் வெளியிட ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளியும் தனக்கு வந்த தொகையை எல்லாரும் பார்க்கும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்றது. 2001 வாக்கில் வந்து சேரும் பங்கு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. செய்தித்தாள் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். 1997-ல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது, நிதி நிர்வாகத்திலும் சீர்திருத்தங்கள் நடந்தன. ஆனால் செய்தித்தாள் விற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிகளில் முன்னேற்றம் கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் ஏழைகளுக்கான மானிய அரிசித் திட்டத்தில் குறைந்தது 18 சதவீத அரிசி காணாமல் போனதாக பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் கணக்கிட்டார். பிரேசிலில் கல்விப் பணத்தில் முறைகேடு கண்டுபிடிக்கப்பட்ட நகராட்சிகளில் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள் மற்ற நகராட்சிகளைவிடக் குறைந்திருந்தன, படிப்பை நிறுத்துபவர்களும் அதிகம். இது பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பளத்தில் தெரியும். தனியார் பள்ளிக்குப் போன பிள்ளையின் சம்பளத்தில் தெரியாது.

சரி, இனி மேலே போவோம்.

துனிசியாவில் அதிபராக இருந்த ஜைன் அல் ஆபிதீன் பென் அலி 2011 ஜனவரியில் ஆட்சியை இழந்து நாட்டைவிட்டு ஓடினார். அவருடைய குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் வைத்திருந்த நிறுவனங்களைப் புதிய அரசு பறிமுதல் செய்தது. அந்தப் பட்டியலை வைத்து உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-ல் ஒரு கணக்கைப் போட்டார்கள். சுமார் 220 நிறுவனங்கள். 2010-ல் நாட்டின் தனியார் துறை வேலைகளில் அவை கொடுத்தது சுமார் 1 சதவீதம். தனியார் துறை லாபத்தில் அவை எடுத்துக்கொண்டது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

இது எப்படி முடிந்தது? பெட்டியில் பணம் கைமாறி அல்ல. அவர்கள் இருந்த தொழில்களைப் பாருங்கள்: தொலைத்தொடர்பு, விமானப் போக்குவரத்து, வங்கி, நிலம், கட்டடம். புதிதாக ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் அரசு அனுமதி வாங்க வேண்டிய தொழில்கள், வெளிநாட்டு முதலீட்டுக்குக் கட்டுப்பாடு உள்ள தொழில்கள். சில தொழில்களுக்கு அந்தக் கட்டுப்பாடே குடும்பம் உள்ளே வந்த பிறகு, அரசாணையாக, சட்டப்படி, அரசிதழில் அச்சாகி வந்தது. இதற்கு யாரும் விதியை மீற வேண்டியிருக்கவில்லை. விதியே அவர்களுக்காக எழுதப்பட்டது. போட்டி இல்லாத இடத்தில் விலை ஏறும். அந்த ஏறிய விலையை ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் நாட்டு மக்கள் அத்தனை பேரும் கொடுத்தார்கள்.

அதே நாட்டில் அதே 2010-ல், டிசம்பர் 17 அன்று, சிதி பூஸித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது பூஅஸீஸியின் பொருட்களையும் தராசையும் அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். அவர் முறையிடப் போனார். யாரும் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தின் எதிரே தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டார். ஊழலையும் ஏற்றத்தாழ்வையும் இணைத்துப் பேசும் எந்த வரைபடத்தைவிடவும் இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்கு அதிகம் சொல்கிறது. ஒரு பக்கம், தொழிலுக்குள் வேறு யாரும் வராதபடி அரசாணை. இன்னொரு பக்கம், ஒரு தராசு வைத்துப் பிழைக்க விடாத அதிகாரம். இரண்டும் ஒரே அனுமதி அதிகாரத்தின் மேல் முனையும் கீழ் முனையும்.

வங்கிக் கடனிலும் இதே கதை. பாகிஸ்தானில் 1996 முதல் 2002 வரை கொடுக்கப்பட்ட நிறுவனக் கடன்களை அசிம் குவாஜா, ஆதிஃப் மியான் இருவரும் ஆராய்ந்தார்கள். இயக்குநர் குழுவில் அரசியல்வாதி இருக்கும் நிறுவனங்கள் மற்றவற்றைவிட 45 சதவீதம் அதிகமாகக் கடன் வாங்கியிருந்தன. திருப்பிக் கட்டாமல் விட்டதும் 50 சதவீதம் அதிகம். இந்தச் சலுகை முழுக்க முழுக்க அரசு வங்கிகளிலிருந்துதான் வந்தது, தனியார் வங்கிகளிலிருந்து அல்ல. ஒரு பெரிய வாராக்கடனைத் தள்ளுபடி செய்யும்போது அங்கே பணத்தை இழப்பது யார்? அந்த வங்கியில் சிறுகச் சிறுகச் சேமித்தவரும், வங்கிக்கு அரசு மீண்டும் முதல் போடுவதற்காக வரி கட்டுகிறவரும். ஒரு கையெழுத்தில் பல்லாயிரம் பேரின் சேமிப்பு ஒரு குடும்பத்தின் சொத்தாக மாறுகிறது. எந்தக் கவுண்டரிலும் யாரும் யாருக்கும் லஞ்சம் கொடுத்ததாக இதில் பதிவாகாது.

இப்படிச் சேர்ந்த பணம் அடுத்து எங்கே போகிறது என்பதற்கு பெரு ஒரு சாட்சி. அதிபர் ஃபுஜிமோரியின் உளவுத்துறைத் தலைவராக இருந்த விளாதிமிரோ மொன்டெசினோஸ், தான் கொடுத்த லஞ்சங்களையெல்லாம் வீடியோ எடுத்தும் ரசீது வாங்கியும் வைத்திருந்தார். 2000-ல் அவை வெளியே வந்தன. மெக்மில்லன், ஸோய்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றை வைத்து யாருக்கு என்ன விலை என்று பட்டியல் போட்டார்கள். நீதிபதிக்கு ஒரு தொகை, அரசியல்வாதிக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல், தொலைக்காட்சி நிறுவன முதலாளிக்கு அரசியல்வாதியைப் போல் சுமார் நூறு மடங்கு. விலை சொல்வதைக் கேளுங்கள்: கொள்ளையடிக்கிறவர் அதிகம் பயந்தது தீர்ப்பைப் பார்த்தல்ல, மக்களுக்குத் தெரிந்துவிடுவதைப் பார்த்து.

இப்போது கேள்வியின் மறுபக்கத்துக்கு வர வேண்டும். இதுவரை ஊழல் ஏற்றத்தாழ்வை வளர்ப்பதைச் சொன்னேன். ஏற்றத்தாழ்வும் ஊழலை வளர்க்கிறது. யூ ஜோங்-சுங், சஞ்சீவ் கக்ராம் இருவரும் 129 நாடுகளின் தரவை வைத்து 2005-ல் இதைக் காட்டினார்கள். ஏற்றத்தாழ்வின் இந்த விளைவு ஜனநாயக நாடுகளில் இன்னும் பலமாக இருக்கிறது என்பது அவர்களின் முடிவு. முதலில் படிக்கும்போது இது தலைகீழாகத் தோன்றலாம். யோசித்தால் புரியும். பெரும்பான்மையினர் ஏழைகளாக இருக்கும் ஜனநாயகத்தில், பணக்காரர் மேல் வரி போடச் சொல்லும் குரல் வாக்குப்பெட்டி வழியாக வரும். சர்வாதிகாரி அந்தக் குரலை அடக்கிவிடுவார். ஜனநாயகத்தில் அடக்க முடியாது, விலைக்குத்தான் வாங்க வேண்டும். தேர்தல் நிதி, வரிச்சலுகை, நீதிமன்றத்தில் இழுத்தடிப்பு, அதிகாரிகளின் இடமாற்றம் என்று அதற்கான சந்தை உருவாகிறது. இடைவெளி எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வாங்குகிறவருக்கு ஆதாயமும் பெரிது, அவர் கையில் உள்ள பணமும் பெரிது. எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவருக்கோ கேள்வி கேட்க நேரமும் இல்லை, வழக்குப் போடக் காசும் இல்லை.

இதில் நம்பிக்கை என்ற ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. எரிக் உஸ்லானர் என்ற அரசியல் அறிஞர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இது: இடைவெளி பெரிதாக இருக்கும் சமூகத்தில் "நாமெல்லாம் ஒரே படகில் இருக்கிறோம்" என்ற எண்ணம் வராது. அந்த எண்ணம் இல்லாத இடத்தில் பொதுப்பணம் யாருடைய பணமும் அல்ல. அப்புறம் நேர்மையாக இருப்பவர் ஏமாளி ஆகிவிடுகிறார். "எல்லாரும்தான் எடுக்கிறார்கள், நான் மட்டும் விட்டால் என் பிள்ளை என்ன ஆவான்?" என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. அவரும் போ ரோத்ஸ்டைனும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், 1870-ல் ஒரு நாட்டு மக்கள் சராசரியாக எத்தனை ஆண்டு பள்ளிப் படிப்புப் படித்திருந்தார்கள் என்பது 2010-ல் அந்த நாட்டில் ஊழல் எவ்வளவு என்பதோடு வலுவாக ஒத்துப்போனது. நூற்று நாற்பது ஆண்டு இடைவெளி! ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் கட்டிய நாடு, தெரிந்தோ தெரியாமலோ, தன் பேரப்பிள்ளைகளின் காலத்து ஊழலையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டது என்று இதைப் படிக்கிறேன்.

இரண்டு பக்கமும் காரணமாக இருக்கும்போது "எது எவ்வளவு" என்று பிரித்து அளப்பது கடினம். பன்னாட்டு நிதியத்தில் சஞ்சீவ் குப்தாவும் அவருடைய சகாக்களும் செய்து 2002-ல் வெளியிட்ட ஆய்வு அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. நாடுகளுக்கிடையே ஊழல் மாறுபடும் அளவில் ஒரு திட்ட விலக்கம் (நாடுகள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு) கூடினால் ஜினி குறியீடு 11 புள்ளி கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஜினி என்பது 1912-ல் கொராடோ ஜினி உருவாக்கிய அளவு: எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 100. அதில் 11 என்பது மிகப் பெரிய மாற்றம். இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு போய் "ஊழலைக் குறைத்தால் ஜினி 11 குறையும்" என்று மேடையில் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். அது வெவ்வேறு நாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வந்த எண். ஒரே நாட்டில் ஊழல் குறையும்போது என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி.

அளவுகோல்களிலும் சிக்கல் உண்டு, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் ஜினியைக் கணக்கிடுவது வீட்டு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பிலிருந்து. அந்தக் கணக்கெடுப்பாளருக்குப் பெரும் பணக்காரர் வீட்டுக் கதவு திறக்காது. திறந்தாலும் பினாமி சொத்தையும் வெளிநாட்டுக் கணக்கையும் யார் சொல்வார்கள்? ஊழல் பக்கத்தில் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் 1995 முதல் வெளியிடும் குறியீடு, அரசுத் துறையில் ஊழல் எவ்வளவு என்று நிபுணர்களும் தொழில் துறையினரும் என்ன கருதுகிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. உக்ரைனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் ஊழல் குறியீட்டில் 100-க்கு 33 மட்டுமே வாங்கியது, அதாவது ஊழல் மிகுந்த நாடு. அதே ஆண்டு உலக வங்கிக் கணக்கில் அதன் ஜினி சுமார் 26. டென்மார்க் அளவுக்குச் சமத்துவமான நாடு என்று எண் சொல்கிறது. உலகமே பெயர் சொல்லிப் பேசிய பெருமுதலாளிகள் இருந்த நாடு அது. அவர்கள் அந்த 26-க்குள் இல்லை.

அடுத்த பக்கம் ஸ்காண்டிநேவியா. ஊழல் குறைந்த நாடுகள் பட்டியலில் எப்போதும் முன்வரிசை. வெளிநாடுகளில் ஒளித்த சொத்துகளைக் காட்டிய பனாமா ஆவணங்கள் உள்ளிட்ட கசிவுகளை வரித்துறைப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்த கேப்ரியல் ஸுக்மானும் இரண்டு சக ஆய்வாளர்களும், அங்கேயே செல்வத்தில் உச்சியில் உள்ள 0.01 சதவீதக் குடும்பங்கள் கட்ட வேண்டிய வரியில் சுமார் 25 சதவீதத்தை ஏய்ப்பதாக மதிப்பிட்டார்கள். மொத்த மக்களின் சராசரியோ சுமார் 3 சதவீதம். வரி ஏய்ப்பும் ஊழலும் ஒன்றல்ல என்பார்கள், சட்டப்படி சரிதான். ஆனால் ஏய்த்த பணமும் அடித்த பணமும் போய் ஒளியும் கிடங்கு ஒன்றே. அந்தக் கிடங்கின் கதவைக் காக்கும் வக்கீல்களும் கணக்காளர்களும் அவரவர் நாட்டில் சுத்தமான பெயரோடுதான் இருக்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. ஒழித்தால் குறையுமா? ஹாங்காங்கைப் பாருங்கள். 1973-ல் பீட்டர் காட்பர் என்ற உயர் போலீஸ் அதிகாரி, வருமானத்துக்கு மீறி 43 லட்சம் ஹாங்காங் டாலர் சேர்த்தது அம்பலமானதும் நாட்டைவிட்டுத் தப்பினார். மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1974-ல் ஊழல் தடுப்புக்கான சுயேச்சை ஆணையம் பிறந்தது. அது உண்மையிலேயே வேலை செய்தது. தீயணைப்பு வண்டிக்காரரும் மருத்துவமனை ஊழியரும்கூடக் காசு கேட்ட ஓர் ஊர், உலகின் சுத்தமான நிர்வாகங்களில் ஒன்றாக மாறியது. ஜினி என்ன ஆயிற்று? 1981-ல் சுமார் 45. 2016-ல் சுமார் 54. ஊழல் குறைந்தது, இடைவெளி கூடியது. நிலமும் வீட்டு விலையும், தொழிற்சாலைகள் இடம்பெயர்ந்ததும், மிகக் குறைந்த வரியும் அதை நடத்தின. ஊழல் தடுப்பு ஆணையத்தால் அவற்றைத் தொட முடியாது. முன்னாள் சோவியத் நாடான ஜார்ஜியா 2003-க்குப் பிறகு போக்குவரத்துப் போலீஸ் படையையே கலைத்து, கீழ்மட்ட லஞ்சத்தைச் சில ஆண்டுகளில் கிட்டத்தட்டத் துடைத்தெறிந்தது. சாதாரண மக்களுக்கு அது பெரிய விடுதலைதான், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வருமான இடைவெளி கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. தென்னாப்பிரிக்காவின் ஜினி 2014-ல் 63 என்றால் அதற்கு வேர் நிறவெறிச் சட்டங்கள் நிலத்தையும் படிப்பையும் பிடுங்கிக்கொண்டதில் இருக்கிறது. முன்னாள் அதிபர் ஸூமா காலத்து ஊழல் அந்த மேட்டின் மேல் கட்டிய இன்னொரு மாடி.

லத்தீன் அமெரிக்காவைப் பற்றிய சில ஆய்வுகள் இன்னும் ஒரு படி போய், அங்கே ஊழல் குறைந்தபோது ஏற்றத்தாழ்வு கூடியது என்கின்றன. "அப்படியானால் ஊழல் ஏழைக்கு நல்லதா?" என்று கேட்டு இதைத் திரிப்பவர்கள் உண்டு. நடந்தது வேறு. அந்த நாடுகளில் ஏழைகளில் பெரும்பகுதி முறைசாராத் தொழிலில் இருக்கிறார்கள்: உரிமம் இல்லாத வண்டி, பதிவு இல்லாத பட்டறை. மாமூல் கொடுத்துத்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. "சுத்தம் செய்கிறோம்" என்று மாமூலை மட்டும் நிறுத்திவிட்டு, உரிமம் பெறும் வழியைத் திறக்காமல் விட்டால், லஞ்சத்தோடு சேர்ந்து அவர்கள் வருமானமும் நின்றுவிடும். அங்கே முதலில் மாற்ற வேண்டியது, தள்ளுவண்டிக்காரரைச் சட்டவிரோதமாக்கி வைத்திருக்கும் விதியை. ஊழல் ஒழிப்பு என்ற பெயரில் முதல் அடி எப்போதும் கீழே உள்ளவர் மேல்தான் விழுகிறது என்பது எனக்கு மிகவும் கோபம் தரும் விஷயம்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் குறைப்பது எது? ராபர்ட் கிளிட்கார்டு சொன்ன பழைய சூத்திரம் இன்னும் உதவுகிறது: ஏகபோகமும் தன்விருப்ப அதிகாரமும் சேர்ந்து, பொறுப்புக்கூறல் இல்லாமல் போனால் ஊழல். இதை ஏற்றத்தாழ்வின் பக்கமிருந்து படித்தால் ஒரு வழி தெரியும். "தகுதியான ஏழையா" என்று ஓர் அதிகாரி முடிவு செய்ய வேண்டிய ஒவ்வொரு திட்டமும் ஒரு கவுண்டரை உருவாக்குகிறது. எல்லாக் குழந்தைக்கும் பள்ளி, எல்லா முதியவருக்கும் ஓய்வூதியம் என்று வைத்தால் அங்கே விற்பதற்கு எதுவும் மிச்சம் இல்லை. வசதி உள்ளவருக்கும் போகிறதே என்றால், அதை வரியில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மேல்மட்டத்துக்கு, டெண்டரையும் ஒப்பந்தத்தையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் போடுவது. உக்ரைன் 2016-ல் அரசுக் கொள்முதல் முழுவதையும் புரோஸாரோ என்ற பொதுத் தளத்துக்குக் கொண்டுவந்ததை அங்குள்ள நல்ல செய்தியாகச் சொல்வேன். நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்ற பதிவேடும் அதோடு வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் வரியும் கூலியும் நிலமும் கல்வியும் தனிக் கணக்கு, அதைத் தனியாகத்தான் போட வேண்டும்.

இங்கே ஓர் ஆய்வைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வியின் முழுச் சிக்கலும் அதில் இருக்கிறது. மேலே சொன்ன அதே ஓல்கன், இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலை போடும் திட்டத்தைக் கண்காணித்தார். போட்டு முடித்த சாலையைப் பொறியாளர்கள் இடையிடையே தோண்டி, கல்லும் மணலும் உண்மையில் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து, கிராமக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். சில கிராமங்களில் மக்களைக் கூட்டத்துக்கு அழைத்துக் கணக்குக் கேட்கச் செய்தார்கள். அங்கே கூலியில் நடந்த திருட்டுக் குறைந்தது, பொருட்களில் நடந்தது குறையவில்லை. தன் கூலி வந்ததா என்று ஒருவருக்குத் தெரியும், சாலைக்கு அடியில் கல் எவ்வளவு ஆழம் என்று தெரியாது அல்லவா? வேறு சில கிராமங்களில் "கட்டாயம் அரசுத் தணிக்கை வரும்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். காணாமல் போகும் பணம் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. நல்ல பலன்தான். ஆனால் அந்தக் கிராமங்களில் இன்னொன்றும் நடந்தது. திட்டத்தை நடத்தியவர்களின் சொந்தக்காரர்கள் முன்பைவிட அதிகமாக அந்தச் சாலை வேலையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அந்தக் கூலி முறைப்படி கொடுக்கப்பட்டது, கையெழுத்து வாங்கப்பட்டது, தணிக்கையில் ஒரு தவறும் இல்லை.